அந்த அம்பாசடரை எடைக்குப் போடாதீங்க

மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னாடி, பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டில் ஒரு அம்பாசடர் நிற்கிறது. எல்லாரும் பார்த்திருப்பீங்க. கேன்டீனுக்குக் குறுக்கு வழியில் போகும்போது அதன் பானெட் மேல் பையை வைத்துவிட்டு ஷூ லேஸ் கட்டாதவர் நம்ம காலேஜில் குறைவு. 1978-ல் பதிவான மார்க் 3. ஒரு காலத்தில் நிர்வாகத்தின் வண்டியாக ஓடியது. பிறகு ஆட்டோமொபைல் லேபுக்கு வந்தது. அதுக்கப்புறம் யாரும் தொடவில்லை. நாலு டயரும் தரையோடு தரை. போன மழைக்குப் பின்சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

இப்போது அந்த ஷெட்டை இடித்துவிட்டு எலெக்ட்ரிக் வாகன லேப் கட்டப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உடைந்த பெஞ்ச், பழைய மானிட்டர், துருப்பிடித்த பீரோ என்று போடப்பட்ட ஏலப் பட்டியலில் அந்த வண்டியும் சேர்ந்துவிட்டது. கிலோ கணக்கில், இரும்பு விலைக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை விற்கக் கூடாது. அதன் எஞ்சினையும் உள்பக்கத்தையும் நாம் சரிசெய்ய வேண்டும். அந்த வேலையை ஃபைனல் இயர் புராஜெக்டாக டிபார்ட்மென்ட் ஏற்க வேண்டும்.

"ஓல்ட் இஸ் கோல்டுனு கிளம்பிட்டியா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். இல்லை. எனக்கு அந்தக் காரோடு எந்தப் பழைய பாசமும் கிடையாது, அதில் ஒரு தடவைகூட ஏறினதில்லை. நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒரு எஞ்சினைத் திறந்து, அளந்து, "இதை இப்படிச் செய்யலாம்" என்று சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாமல் வெளியே போகப் போகிறோமே, அதுதான் என் கவலை.

எண்ணூரில் பிறந்த சொந்தம்

எண்ணூர் என்றதும் நமக்கு அசோக் லேலண்ட் லாரிதான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே முதலில் பூட்டியது கார். 1948 செப்டம்பர் 7-ல் ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகன் பெயர். இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்த ஆஸ்டின் ஏ40 கார்களை எண்ணூரில் ஒன்றுசேர்த்தார்கள். 1950-ல் லேலண்டுடன் ஒப்பந்தம் வந்தது. 1955-ல் கம்பெனி பெயர் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய், லாரியும் பஸ்ஸும் நிலைத்தன.

பக்கத்திலேயே திருவொற்றியூரைப் பாருங்க. 1946-ல் ஒரு சின்ன ஷெட்டில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து புல்லட்டை இந்தியாவில் பூட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தொழிற்சாலையும் திருவொற்றியூர்தான். அன்றைக்கு வெளிநாட்டுப் பாகங்கள் வந்து கார் ஆன எண்ணூரிலிருந்து, இன்றைக்கு இங்கே செய்த கார்கள் காமராஜர் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகின்றன.

சரி, ஏ40-க்கும் நம்ம ஷெட்டில் கிடக்கிற அம்பாசடருக்கும் என்ன சம்பந்தம்?

எஞ்சின். ஏ40-ல் இருந்தது சுமார் 1,200 சிசி நாலு சிலிண்டர் ஓவர்ஹெட் வால்வ் எஞ்சின். அதை அடிப்படையாக வைத்துத்தான் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1950-களில் பி-சீரிஸ் எஞ்சினை உருவாக்கியது. அதில் 1,489 சிசி வகையைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடருக்கு எடுத்துக்கொண்டது. ஸ்ட்ரோக் இரண்டிலும் ஏறத்தாழ 89 மி.மீ.தான். போர் மட்டும் 65.5-லிருந்து 73 மி.மீ. ஆனது. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்க, சிசி சரியாக வரும். ஆக, நம்ம ஷெட்டில் பூனை குடியிருக்கிற வண்டியின் எஞ்சின், எண்ணூரில் பூட்டிய முதல் காரின் எஞ்சினுக்குத் தம்பி முறை. ஏ40 எதுவும் நம்ம கைக்கு வரப்போவதில்லை. தம்பி கையிலேயே இருக்கிறான். அவனைத்தான் எடைக்குப் போடப் போகிறோம்.

24 அளவுகள்

மூணாவது செமஸ்டரில் மெட்ராலஜி லேப் ஞாபகம் இருக்கா? ஒரு புத்தம்புது வளையத்தை வைத்து போர் கேஜில் அளக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதினோம். அளவு தப்பாக இருந்தாலும் எதுவும் ஆகப்போவதில்லை. அந்த வளையம் எந்த வண்டிக்கும் போகாது.

இப்போது ஒரு பழைய எஞ்சினைத் திறந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் விதி, பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கவே கூடாது. பல வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் ரிங் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். அம்பாசடரில் ஹேண்டில் போடும் வசதி உண்டு. அசையவில்லையா, மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. யூடியூப்பில் இந்தக் காத்திருப்பை வெட்டிவிடுவார்கள். நிஜத்தில் பாதி வேலையே அதுதான்.

ஹெட்டைக் கழற்றினதும் சிலிண்டரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்துத் தடவிப் பாருங்க. ஒரு சின்னப் படி தட்டுப்படும். மேல் ரிங் அதற்கு மேலே போகாது. கீழே மட்டும் தேய்ந்து, மேலே தேயாமல் நின்றதுதான் அந்தப் படி. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற எங்க பெரியப்பா முதலில் செய்வது இதுதான். "நகம் நின்னுச்சுன்னா போரிங் கேக்குதுன்னு அர்த்தம்டா" என்பார். அதோடு விடமாட்டார். அப்புறம் கேஜை எடுப்பார்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் கிராங்க் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. நாலு சிலிண்டருக்கு 24 அளவு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். நீளத்துக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி. மேலே ஏன் அதிகமாகத் தேய்கிறது? பிஸ்டன் மேலே வந்து திரும்பும் அந்தக் கணத்தில் வேகம் சுழி, எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். எரிவாயுவின் அழுத்தம் வேறு ரிங்கைச் சுவரோடு அழுத்தும். குறுக்கே ஏன் அதிகம்? கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து போகிறது. டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரியில் படம் வரைந்து மார்க் வாங்கினோமே, அந்த விசையின் தடம் நாப்பது வருஷ வார்ப்பிரும்பில் அப்படியே கிடக்கும்.

அந்த 24 எண்ணை வைத்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். தேய்மானம் கம்மியா? ஹானிங் பண்ணிப் புது ரிங் போட்டால் போதும். அதிகமா? போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன். லேத் பட்டறையில் இதைத் 'தவ்' கணக்கில் சொல்வார்கள். ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது தவ், நாப்பது தவ் என்று ஏறும். ஏற்கெனவே ஏறி எல்லையைத் தொட்டுவிட்டதா? அப்போ ஸ்லீவ் இறக்க வேண்டும். பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தால், நமக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் இதே எஞ்சினைத் திறந்து என்ன முடிவெடுத்தார் என்பதும் தெரிந்துவிடும்.

கிராங்க்குக்கும் இதே கதைதான். இந்த எஞ்சினுக்கு மூன்றே மெயின் பேரிங். ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, வட்டம் கெட்டிருந்தால் கிரைண்டிங் கொடுத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். இதில் தப்பு நடந்தால் ரெக்கார்டில் சிவப்பு மை விழாது. எஞ்சின் தட்டும். இல்லை, ஆயில் பிரஷர் விழுந்து பிடித்துக்கொள்ளும். நாம் எழுதுகிற எண்ணுக்கு நாமே பொறுப்பு என்கிற பயம் நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது வர வேண்டாமா?

புதுப் பிரச்சினைகளும் உண்டு. அவற்றுக்குப் பழைய மேனுவலில் பதில் கிடையாது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைத்தது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வ் சீட்டை வெட்டியிருப்பார்கள். அந்த ஈயம்தான் சீட்டுக்குக் கவசம். 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸையும் டயாஃப்ரத்தையும் கெடுக்கும், டேங்கில் துரு சேர்க்கும். கடினமான சீட் இன்சர்ட் பதிக்கலாமா? எத்தனால் தாங்கும் ஹோஸ் எது? கார்புரேட்டர் கலவையை எவ்வளவு கூட்ட வேண்டும்? இவை ஒவ்வொன்றும் ஒரு புராஜெக்ட் சாப்டர். போன வருஷம் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, வைவாவில் வாய் திறக்க முடியாமல் நின்ற டீம்களைப் பார்த்தோம். அவங்களோட ரிப்போர்ட்டை விட இது மோசமாகவா இருக்கும்?

சீட்டைத் தூக்கினால்தான் தெரியும்

இன்டீரியர் என்றதும் எல்லாருக்கும் மனசில் வருவது ஒரே படம். சிவப்பு ரெக்சின், கனமான ஃபோம், கூரையில் எல்இடி பட்டை, டேஷ்போர்டில் டச் ஸ்கிரீன். இன்ஸ்டாவில் லைக் வாங்கும். அதை ரெஸ்டோரேஷன் என்று நான் சொல்லமாட்டேன். புதுச் சட்டை போட்டுவிடுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனி சேஸிஸ் கிடையாது. தரைத்தகடும் பக்கவாட்டுச் சட்டமும் சேர்ந்துதான் பாரத்தைச் சுமக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிற வண்டி இது. நம்ம வீட்டு கிரில் கேட்டையே உப்புக்காற்று எப்படித் தின்கிறது என்று திருவொற்றியூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். ரப்பர் மேட்டுக்கு அடியில் ஈரம் தங்கும். குளோரைடு துருவை வேகப்படுத்தும். மேலே பார்த்தால் வண்டி நல்லா இருக்கும். மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். அதனால் இன்டீரியர் வேலை துணிக்கடையில் ஆரம்பிப்பதில்லை. சீட்டைக் கழற்றி, மேட்டை எடுத்து, சுத்தியலால் தரைத்தகட்டைத் தட்டிக் கேட்பதில் ஆரம்பிக்கிறது. 'டங்' என்றால் உயிர் இருக்கிறது. 'தொப்' என்றால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும். அவசரத்துக்கு ஃபைபர் ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுக்கிற பட்டறை ஊருக்கு ஊர் உண்டு. அப்படிச் செய்த தரையில் சீட் போல்ட் பிடிக்குமா என்று யோசித்துப் பாருங்க. இடித்தால் சீட்டோடு ஆள் முன்னால் போவார்.

அடுத்து வயரிங். பழைய வயரின் மேலுறை விரலில் பொடியாக உதிர்ந்தால் யோசிக்காமல் முழுசாக மாற்ற வேண்டும். தீப்பிடிக்கிற விஷயத்தில் பழமைக்கு மரியாதை தேவையில்லை. பிரேக் ஹோஸ், டயர், ஃப்யூயல் லைன் எல்லாம் அப்படித்தான். பழைய பிரேக் ஷூ, கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் துடைக்க வேண்டும். மாஸ்க் கட்டாயம்.

சீட் விஷயம் வேறு. முழு நீள பெஞ்ச் சீட்டு, உள்ளே சுருள் ஸ்பிரிங், மேலே நார், அதற்கு மேல் ரெக்சின். ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். பழைய ரெக்சினைத் தையல் பிரித்து எடுத்துத் தட்டையாக விரித்தால் அதுவே வெட்டு மாதிரி. அதன் மடிப்புக்குள், வெயில் படாத இடத்தில், வண்டியின் நிஜமான நிறம் அப்படியே இருக்கும். கலர் கார்டு தேட வேண்டியதில்லை. குஷன் கடைக்காரரிடம் இந்த விரித்த துண்டைக் கொடுத்தால் போதும், அவரே கண் விரியப் பார்ப்பார். அந்தப் பழைய துண்டைத் தூக்கிப் போடாமல், லேபில் வைத்து எண் போட்டு வைக்க வேண்டும்.

எதை மாற்றுவது, எதை விடுவது என்பதற்கு உலக அளவில் ஒரு வழிகாட்டி இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றது. அதன் சாரத்தை நம்ம பாஷையில் சொன்னால், இருக்கிறதை முடிந்தவரை காப்பாத்து, மாற்றினால் மாற்றினதைக் குறித்து வை, பின்னால் வருகிறவன் கண்டுபிடிக்கிற மாதிரி செய். இது எஞ்சினியரிங் டாக்குமென்டேஷன்தானே? இதைத்தானே கம்பெனிக்குப் போனதும் முதல் வாரம் சொல்லித்தருவார்கள்?

நீங்க கேட்கப்போகிற கேள்விகள்

"எலெக்ட்ரிக் காலத்தில் கார்புரேட்டர் எதுக்கு?" நியாயமான கேள்வி. நான் எலெக்ட்ரிக் லேபுக்கு எதிரி இல்லை. ஆனால் அளப்பது, பொருத்தம் பார்ப்பது, தேய்மானத்தைப் படிப்பது, துருவோடு சண்டை போடுவது, வயரிங்கில் கோளாறு தேடுவது எல்லாம் மோட்டார் வந்தாலும் போகாது. பேட்டரிப் பெட்டியும் எண்ணூர்க் காற்றில் துருப்பிடிக்கத்தான் போகிறது. "அப்போ அதிலேயே மோட்டார் வெச்சு மாத்திடலாமே?" என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம். அதற்கு இந்த எஞ்சின் தேவையில்லை, எந்தப் பழைய பாடியும் போதும். செய்தால் ஒரு வாசலை நாமே மூடிக்கொள்வோம். அது என்ன வாசல் என்று கீழே சொல்கிறேன்.

"இது பணக்காரங்க விளையாட்டு." பாதி உண்மை. ஹெரிடேஜ் ராலியில் வருகிற வண்டிகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, நம்ம ஊரில் ஏவிஎம் ஹெரிடேஜ் மியூசியம் இருக்கிறது. போய்ப் பாருங்க, ஆனால் கயிறு கட்டியிருக்கும். தொட முடியாது. அந்தக் கோவை மியூசியம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மறுபடி பூட்டித்தான் எஞ்சினைக் கற்றுக்கொண்டார். அவருக்கு எந்த டிகிரியும் இல்லை. நமக்கு ஷெட்டில் வண்டி இருக்கிறது, லேத் இருக்கிறது, போர் கேஜ் இருக்கிறது, சொல்லித்தர ஆளும் இருக்கிறார்கள். இல்லாதது அனுமதி மட்டும்.

"ஸ்பேர் கிடைக்குமா?" அம்பாசடர் 1957-லிருந்து 2014 வரை உத்தர்பாராவில் ஓடிய லைன். புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டு அலைந்தால் கிடைக்கிற வண்டிகளில் ஒன்று இது. கிடைக்காததைச் செய்து பழகலாம். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸை நினைத்துப் பாருங்க. 1855-ல் செய்து, 1909-ல் ஓய்வு கொடுத்து, நூறு வருஷம் காட்சிப்பொருளாக நின்ற ஈ.ஐ.ஆர். 21 நீராவி எஞ்சினை 2010-ல் மறுபடி ஓடவைத்தவர்கள் நம்ம வடசென்னைத் தொழிலாளிகள்தான். அதை விடவா ஒரு அம்பாசடர் கஷ்டம்?

"ஏற்கெனவே புகையில் சாகிறோம், இதுல பழைய பெட்ரோல் எஞ்சின் வேறயா?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் நின்றுதான் பதில் சொல்வேன். எண்ணூரில் புகையைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் கூச்சம் வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல், 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், எதையும் நாம் மறக்கவில்லை. அதனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, இது தினசரி ஓடுகிற வண்டி ஆகக் கூடாது. சட்டமே அதை அனுமதிக்காது. இரண்டு, கழுவிய டீசலும் வடித்த பழைய ஆயிலும் ஒரு சொட்டுகூடக் கால்வாய்க்குப் போகக் கூடாது. கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் கொடுத்து, ரசீதை ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். கொசஸ்தலையாற்றுக் கரையில் படிக்கிற நாம் இதைச் செய்யவில்லை என்றால் வேறு யார் செய்வார்கள்?

2028 என்கிற வாசல்

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன சொந்த உபயோக இரு சக்கர, நாலு சக்கர வண்டிகள் அதில் வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்.சி. வேண்டும். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, ராலி போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம்.

நம்ம வண்டி 1978 பதிவு. 2028-ல் 50 முடிகிறது. அதாவது இப்போது விற்றால் பழைய இரும்பு. கொஞ்சம் பொறுத்தால், அசல் எஞ்சினோடு, 'தொழில்நுட்ப ஆய்வு' என்று சட்டமே பெயர் சொல்கிற காரணத்துக்காக வைத்திருக்கக்கூடிய வண்டி. மோட்டார் வைத்து மாற்றினால் மூடிக்கொள்வோம் என்று மேலே சொன்னது இந்த வாசலைத்தான்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் படகுகள் கரையில் நிற்கும். எஞ்சின்கள் இறங்கும், திறக்கும். வருஷம் முழுக்க ஒத்திப்போட்ட வேலையெல்லாம் அந்த இரண்டு மாசத்தில் நடக்கும். நம்ம லீவும் அப்போதான். ஒரு பி-சீரிஸ் எஞ்சினைத் திறக்கத் தெரிந்த கைகள் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற தூரத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளுக்கு வயசாகிறது. எங்க பெரியப்பாவின் ஷெட்டில் கடைசியாக ஒரு பையன் வேலை கத்துக்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. அவருக்குப் பின்னால் அந்த நகம் என்ன சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தெரிந்த நாம் பக்கத்தில் போகவில்லை.

கேட்பது நாலே விஷயம்

ஒன்று, ஏலப் பட்டியலிலிருந்து அந்த வண்டியை எடுக்க வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் பழைய ஆர்.சி.யைத் தேடிப் பத்திரப்படுத்த வேண்டும். இரண்டு, ஷெட்டை இடிக்கும் முன் வண்டிக்கு மழை படாத ஒரு மூலை வேண்டும். புது லேபில் ஒரு பே போதும். மூன்று, மூன்று பேட்ச் தொடர்ந்து செய்கிற புராஜெக்டாக இதை ஏற்க வேண்டும். முதல் பேட்ச் கழற்றி அளந்து பதிவு செய்யட்டும். இரண்டாவது எஞ்சினைப் பூட்டட்டும். மூன்றாவது தரைத்தகடு, வயரிங், சீட்டு. ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்சுக்கு ஒரு நோட்டு விட்டுப் போக வேண்டும். நாலு, வெளியிலிருந்து வந்து சொல்லித்தருகிற மெக்கானிக், டிங்கர், குஷன் கைவினைஞர்களைக் கெஸ்ட் லெக்சரராக மதித்து, அதற்கான ஊதியமும் கொடுக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

பாஹா டீமும் கோ-கார்ட் டீமும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்க ஸ்பான்சர் பணத்தில் நாங்க கை வைக்கவில்லை. நீங்க புதுசாகச் செய்யக் கத்துக்கிறீங்க. செஞ்சதை அம்பது வருஷம் கழித்து என்ன பண்றதுன்னு கத்துக்கவும் ஒரு டீம் இருக்கட்டும்.

நான் ஃபைனல் இயர். வண்டி ஓடுகிறதைப் பார்க்க நான் இங்கே இருக்கமாட்டேன். முதல் பேட்ச்சின் 24 அளவை எழுதிவிட்டுப் போனால் எனக்குப் போதும். அப்படி எழுத, இந்த மாசக் கடைசிக்குள் டிபார்ட்மென்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன், லைப்ரரி வாசல் நோட்டீஸ் போர்டு பக்கத்தில் மதிய இடைவேளையில் என்னோடு இருக்கும். வந்து படித்துவிட்டு, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்க. அதற்கு முன்னால் ஒரு தடவை ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் தூக்கிப் பாருங்க. பையை மேலே வைக்காமல்.